ரெண்டு வெறும் பெட்டியும் சமனில்லை

அவரை நான் ஒபிஸில "அண்ணா" எண்டுதான் கூப்பிட்டனான். எங்கட டீமுக்குப் பெரியவர், என்னைவிட வயதிலும் மூப்பு, கொழும்பில தமிழ் ஆக்கள் வேலை செய்யிற இடத்தில வேற எப்பிடிக் கூப்பிடுறது? ஆனா இதை எழுதேக்க அந்த மரியாதை எல்லாம் எனக்குத் தேவையில்லை. இனி அவன் எண்டுதான் எழுதப்போறன். வாசிக்கிறவை முகம் சுளிச்சா சுளிக்கட்டும்.

நான் சொப்ட்வெயார் எழுதிறவள். வீடு கொட்டாஞ்சேனையில. ஒபிஸ் வெள்ளவத்தையில, காலி வீதியில இருந்து கடற்கரைப் பக்கம் இறங்கிற ஒரு ஒழுங்கையில. சின்னக் கொம்பனி, பொஸ்ஸுக்குக் கையிறுக்கம். நாங்கள் எழுதிறதைச் சேமிச்சு வைக்கிற இடத்துக்கு ஆளுக்கொரு லொகின் எடுத்துத் தராமல், எல்லாருக்கும் ஒரே லொகினைத் தந்து வைச்சிருந்தார். அதால எந்த வரியை ஆர் எழுதினது, ஆர் அழிச்சது எண்டு பிறகு தேடிப் பிடிக்க வழியே இல்லை. அந்த நேரம் அதை நாங்கள் ஒருத்தரும் பெரிசா எடுக்கேல்லை.

எங்கட ஒபிஸுக்கு ரெண்டு ஒழுங்கை தள்ளி, ஒரு சாறிக் கடைக்கு மேல் மாடியில, ஒரு அக்கா கலியாண சேவை நடத்திறா. மாப்பிள்ளை, பொம்பிளை ஆக்களின்ர விபரங்களைப் பதிஞ்சு பொருத்தம் பார்த்துக் குடுக்கிறதுதான் அவவின்ர தொழில். கனடாவில இருந்தும் லண்டனில இருந்தும்கூட கோல் வரும். அவவுக்குத்தான் நாங்கள் பொருத்தம் பார்க்கிற சொப்ட்வெயார் செய்து குடுத்தம். அதில செவ்வாய் பார்க்கிற பகுதி என்ர பொறுப்பு.

செவ்வாய்க் குற்றம் எண்டா என்னவெண்டு எங்கட ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ரெண்டு பேருக்கும் இருந்தாப் பொருந்தும். ரெண்டு பேருக்கும் இல்லையெண்டாலும் பொருந்தும். ஒராளுக்கு இருந்து மற்றாளுக்கு இல்லையெண்டா, அவ்வளவுதான், தாய்மார் காதைப் பொத்திக்கொண்டு எழும்பிப் போயிடுவினம். எனக்கு இதில நம்பிக்கை இருக்கோ இல்லையோ எண்டு கேட்காதேங்கோ, அது வேற கதை. கொம்பியூட்டருக்கு இதைவிட லேசான வேலை கிடையாது. ரெண்டு பக்கமும் சமனோ எண்டு பார்க்கச் சொன்னாப் போதும்.

கரைச்சல் எங்க வந்ததெண்டா, எங்கட சனம் அந்தப் பெட்டியை நிரப்பாது. செவ்வாய் இல்லாத வீட்டுக்காரர் "இல்லை" எண்டு கொட்டை எழுத்தில போடுவினம். இருக்கிற வீட்டுக்காரர் "இருக்கு" எண்டு எழுதி நான் பார்த்ததே குறைவு. பெட்டியை வெறுமையா விட்டுப்போட்டு, "அதை நேரில கதைப்பம் பிள்ளை" எண்டுவினம். பிறந்த நேரம் தெரியாத ஆக்களும் வெறுமையா விடுவினம். இடம்பெயர்ந்து ஓடேக்க மரத்தடியில பிறந்த பிள்ளைக்கு ஆர் மணிக்கூடு பார்த்தது? அவசரத்தில பாதியில எழும்பி பஸ் பிடிக்க ஓடின தாய்மாரும் வெறுமையா விடுவினம். பார்க்கிறதுக்கு எல்லாம் ஒரே வெறும் பெட்டி. உள்ளுக்க இருக்கிற கதை வேற வேற.

எங்கட தொழிலில அந்த வெறுமைக்கு இங்கிலிசில 'நல்' (null) எண்டு பேர். ரெண்டு வெறுமை சமனோ எண்டு டேட்டாபேஸிட்டக் கேட்டா, ஓம் எண்டும் சொல்லாது, இல்லை எண்டும் சொல்லாது, தெரியாது எண்டுதான் நிக்கும். அதையே நாங்கள் எழுதின மொழியிட்டக் கேட்டா, ரெண்டும் சமன் எண்டு கண்ணை மூடிக்கொண்டு சொல்லும். அது தெரிஞ்சபடியால்தான் நான் கவனமா எழுதினனான். ரெண்டு பக்கத்தில ஏதாவது ஒண்டு வெறுமையெண்டாலும் பொருத்தம் எண்டு பச்சையில காட்டாதே, மஞ்சளில "கேட்டறியவும்" எண்டு காட்டு. அவ்வளவுதான் நான் செய்தது, ஆனா நான் யோசிச்சுச் செய்தது.

அக்காவுக்கு மஞ்சள் பிடிக்கேல்லை. "பிள்ளை, திறந்தா முழுக்க மஞ்சளாக் கிடக்கு. வாற சனம் பயப்பிடுது" எண்டு முறைப்பட்டா. நான் விளங்கப்படுத்தினன். அவன் பக்கத்தில இருந்து கேட்டுப்போட்டு, "அக்கா, நீங்கள் யோசிக்காதேங்கோ, நான் பார்த்துக்கொள்ளுறன்" எண்டான். அப்பாவின்ர திவசத்துக்கு நான் லீவு போட்டுட்டு யாழ்ப்பாணம் போனன். திரும்பி வந்து பார்த்தா என்ர வரியள் எல்லாம் போச்சு. அந்த இடத்தில ஒரே ஒரு வரி. இந்தப் பக்கம் சமன் அந்தப் பக்கம் எண்டாப் பச்சை. வெறுமையும் வெறுமையும் சந்திச்ச இடமெல்லாம் பச்சை பச்சையா எரியுது.

ரீ குடிக்கப் போன இடத்தில வைச்சு அவனிட்டக் கேட்டன். "அண்ணா, தெரியாததும் தெரியாததும் எப்பிடிச் சமனாகும்?"

"ரெண்டும் ஒண்டுமில்லை. ஒண்டுமில்லையும் ஒண்டுமில்லையும் சமன்தானே. நீர் கூட யோசிக்கிறீர், அதுதான் உம்மட பிரச்சினை" எண்டு சொல்லி ரோல்ஸைக் கடிச்சான். அக்கா சந்தோசம், பொஸ் சந்தோசம், பொருத்தங்கள் கூடிப்போச்சு. நான் வாயை மூடிக்கொண்டு வேற வேலை பார்த்தன்.

கொஞ்சக் காலத்தில வெடிச்சுது. ஒரு ரீச்சர் பிள்ளைக்கும் ஒரு இஞ்சினியர் பெடியனுக்கும் அக்காவின்ர சேவையால கலியாணம் சரிவந்தது. ரெண்டு பேரின்ர செவ்வாய்ப் பெட்டியும் வெறுமை. பிள்ளையின்ர தாய் அண்டைக்குப் பாதி எழுதினபடி அவசரமா எழும்பிப் போனவ. பெடியன் வீட்டுக்காரர் இருக்கிறதை மறைச்சு வெறுமையா விட்டவை. கொம்பியூட்டர் பச்சை காட்டிச்சு. எல்லாப் பொருத்தமும் பார்த்தாச்சு எண்டு அக்காவின்ர பேப்பரும் கையில வந்திட்டுது, பிறகென்ன? ஹோல் புக் பண்ணி, சொந்தக்காரருக்கெல்லாம் சொல்லி, தாலிக்குப் பொன்னுருக்கிறதுக்கு நாள் கேட்கச் சாத்திரியாரிட்டப் போன இடத்தில மனுசன் ரெண்டு குறிப்பையும் விரிச்சுப் பார்த்துட்டு, மாப்பிள்ளைக்குச் செவ்வாய், பொம்பிளைக்கு இல்லை எண்டு சொல்லிப்போட்டார். கலியாணம் அந்த இடத்திலேயே நிண்டுது.

அந்தப் பிள்ளையின்ர தாய், அந்த அன்ரி, நேரே அக்காவின்ர ஒபிஸுக்கு வந்திட்டா. அக்கா பொஸ்ஸுக்குக் கோல் எடுத்தா. பொஸ் அவனையும் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். படியேறேக்கயே அன்ரியின்ர சத்தம் கேட்குது. கீழ சாறி பார்க்க வந்த சனமெல்லாம் அண்ணாந்து மேல பார்க்குது.

"ஆர் இதை எழுதினது? ஆர் என்ர பிள்ளையை நடுத்தெருவில விட்டது?"

அவன் ஒரு கணம்கூட யோசிக்கேல்லை. என்ர பக்கம் கையைக் காட்டினான். "செவ்வாய் பார்க்கிற பகுதி இவ எழுதினது, அன்ரி. நாங்கள் கவனிச்சிருக்கோணும்தான்."

அடப்பாவி! "நாங்கள் கவனிச்சிருக்கோணும்தான்" எண்டு என்ர பிழையைத் தான் பெருந்தன்மையாத் தாங்கிற மாதிரி ஒரு முகம் வேற. எனக்கு உச்சந்தலையில இருந்து உள்ளங்கால் வரைக்கும் பத்தி எரிஞ்சுது. வாயைத் திறந்தன். பொஸ் கண்ணால அமத்தினார், வாடிக்கையாளருக்கு முன்னால சண்டை பிடிக்கக் கூடாதாம். அன்ரி என்னைக் கதிரையால எழுப்பி நிக்க வைச்சு ஏசினா. நீயும் ஒரு பொம்பிளைப்பிள்ளைதானே, உனக்கு நெஞ்சில ஈரமில்லையோ, உன்ர தாய் உன்னை எப்பிடி வளர்த்தவ எண்டு, ஒண்டும் மிச்சம் வைக்கேல்லை. நான் "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அன்ரி" எண்டு சொன்னன். செய்யாத பிழைக்கு. அவன் ஜன்னலால கடலைப் பார்த்துக்கொண்டு நிண்டான்.

வெள்ளவத்தையில ஒரு கதை ஒழுங்கைக்கு ஒழுங்கை பறக்கும், அங்க இருந்து கொட்டாஞ்சேனைக்கு வர பஸ் தேவையில்லை. கோயிலில ஒருத்தி அம்மாவை மறிச்சு, "உங்கட மகளோ அந்தக் கலியாணத்தைக் குழப்பினவ?" எண்டு கேட்டிருக்கிறா. அம்மா கோயிலைச் சுத்திக் கும்பிடாமலே வீட்டுக்கு வந்திட்டா. என்னோட ரெண்டு நாள் சரியாக் கதைக்கேல்லை, பிறகு கதைக்கத் தொடங்கின முதல் வசனம், "நீ உண்மையாச் செய்யேல்லைத்தானே?" எண்டது. பெத்த தாய்! அந்த வரி எழுதின அவன்ர கையை முறிக்கோணும்போல இருந்துது. ஒபிஸில என்னைக் கிராண்ட்பாஸில இருக்கிற ஒரு டயர்க் கடைக்கு பில் அடிக்கிற சொப்ட்வெயார் செய்யப் போட்டினம். டயர் மணத்தோட வீட்டுக்கு வந்து குளிக்கேக்க நான் ஒண்டைத்தான் நினைப்பன். அவன்ர வேலை போகத் தேவையில்லை, அவனுக்கு வருத்தம் துன்பம் வரத் தேவையில்லை. அதே அறையில, அதே ஆக்களுக்கு முன்னால, அந்த வரி தான் எழுதினது எண்டு அவன்ர வாயாலேயே அவன் சொல்லோணும். ஆர் எழுதினது எண்டு காட்ட லொகினும் இல்லை, சாட்சியும் இல்லை. அவன்ர வாய் ஒண்டுதான் இருந்தது.

மாசங்கள் போச்சு. ஒபிஸில அவனுக்கு ஒரு வெளிநாட்டுக் கொம்பனியின்ர வேலையைக் குடுத்ததால, அக்காவின்ர சொப்ட்வெயாரைத் திரும்பிப் பார்க்க நேரமில்லை. அக்கா பொஸ்ஸுக்குக் கரைச்சல் குடுக்க, பொஸ் வேற ஆளில்லாமல் என்னை அனுப்பினார். அக்கா முதலில என்னைக் கண்டு மூஞ்சையை நீட்டினா. பிறகு பிளேன்ரீ தந்தா. நான் திறந்து பார்த்தன். அவன்ர வரி அப்பிடியே கிடக்கு. அவ்வளவு அவமானம் எனக்கு வாங்கித் தந்துபோட்டு, அதைத் திருத்தக்கூட மினக்கெடேல்லை அவன்.

அக்கா பின்னால வந்து நிண்டு, "உங்கட அண்ணாவுக்கும் எங்களிட்டத்தான் சரிவந்திருக்கு, தெரியுமோ?" எண்டா. எனக்குத் தெரியாது. அவ திறந்து காட்டினா. அவன்ர படம், கோட் போட்டு, பல்லைக் காட்டிக்கொண்டு. தாய் வந்து பதிஞ்சவவாம். பொம்பிளை பல் டொக்டர். ரெண்டு பக்கமும் செவ்வாய்ப் பெட்டி வெறுமை. பச்சை.

நான் அவன்ர பக்கத்தை வடிவாப் பார்த்தன். பிறந்த இடம் இருக்கு, பிறந்த நேரம் நிமிசத்தோட இருக்கு, நட்சத்திரம் பாதத்தோட இருக்கு. செவ்வாய் மட்டும் வெறுமை. ஐயோ, என்ர வயித்தில பால் வார்த்தமாதிரி இருந்துது. நேரம் தெரியாத வீடு இல்லை அது. மறந்துபோன வீடும் இல்லை. நேரில கதைப்பம் எண்டு சொல்லிற வீடு!

நான் ஒரு களவும் செய்யேல்லை, ஒண்டையும் கூட்டிக் குறைச்சு எழுதேல்லை. பொஸ்ஸிட்ட முறைப்படி போய், "சேர், அந்தப் பழைய பிழை இன்னும் கிடக்கு, திருத்தட்டோ?" எண்டு கேட்டன். அவர் தலையை நிமிர்த்தாமல் "செய்யும்" எண்டார். என்ர பழைய வரியளைத் திருப்பி எழுதினன். ஒரு பக்கமாவது வெறுமையெண்டா மஞ்சள், கேட்டறியவும். அக்காவுக்கும் பக்கத்தில இருந்து சொல்லிக் குடுத்தன். "மஞ்சள் வாற எல்லா வீட்டுக்கும் கோல் எடுங்கோ அக்கா. அண்டைக்கு நடந்தது திரும்ப நடக்கக் கூடாது." அக்கா சூடுபட்டவ. கொப்பியில குறிச்சுக் குறிச்சு ஒவ்வொரு வீடா எடுத்துக் கேட்டா. ஆரின்ர பேர் எப்ப வரும் எண்டு நான் கேட்கேல்லை. ஆனா காத்துக்கொண்டிருந்தன், பொய் சொல்லமாட்டன், பூனை மாதிரிக் காத்துக்கொண்டிருந்தன்.

பல் டொக்டர் வீட்டில உடனே சொல்லிச்சினம், எங்கட பிள்ளைக்கு இல்லை, மாப்பிள்ளைக்கு என்னவெண்டு கேட்டுச் சொல்லுங்கோ எண்டு. அவன்ர தாயைக் கேட்டா, "நேரில கதைப்பம்" எண்டிருக்கிறா. அடுத்த நாள் தாயும் மகனுமா அக்காவின்ர ஒபிஸுக்குப் படியேறி வந்திச்சினம். அக்கா பொஸ்ஸையும் என்னையும் கூப்பிட்டா. அதே அறை. நான் இந்த முறை கதிரையில இருந்தன்.

"போன மாசம் பொருந்தினது இந்த மாசம் எப்பிடிப் பொருந்தாமல் போகும்?" எண்டு தாய் மேசையில தட்டிக் கேட்டா. அவன் என்னைப் பார்த்தான். பொஸ்ஸைப் பார்த்துச் சொன்னான், "சேர், இவ பழி வாங்கிறா. நல்லா வேலை செய்துகொண்டிருந்ததை மாத்திப்போட்டா."

ஓமடா, பழிதான் வாங்கிறன். இப்பத்தானே விளங்குது உனக்கு! அதை மனசுக்குள்ள சொன்னன். வெளியால வலு பணிவாக் கேட்டன். "அண்ணா, பழைய வரி பிழையெண்டுதானே அண்டைக்கு எல்லாரும் சொன்னது? விளங்காத ஆரோ அவசரத்தில எழுதின வரிதானே அது?"

அவனுக்கு அது குத்திச்சு. முகம் சிவந்திட்டுது. தன்ர மூளையை ஒருத்தரும் குறைச்சுச் சொல்லக் கூடாது அவனுக்கு. அதோட அந்த வரி சரியெண்டு நிறுவினால்தான் பல் டொக்டர் கிடைப்பா.

"விளங்காமல் எழுதினதோ? அது முறைப்படி சரி. ரெண்டு வெறுமையும் சமன். உலகம் முழுக்க அந்த மொழியில அப்பிடித்தான். நான் யோசிச்சுத்தான் எழுதினனான்."

அக்கா பேனையைக் கீழ வைச்சிட்டு அவனைப் பார்த்தா. தாய்க்கு ஒண்டும் விளங்கேல்லை, அவ பெருமையா அக்காவைப் பார்த்து, "எல்லாம் என்ர மகன்தான் எழுதினவர், பிள்ளை. இவையள் சும்மா கூட இருக்கிறவை" எண்டா. நான் அந்தத் தாயைக் கட்டிப்பிடிச்சுக் கொஞ்சியிருப்பன், மேசை குறுக்க இருந்துது.

அக்கா மெதுவாக் கேட்டா, "அப்ப அந்த ரீச்சர் பிள்ளையின்ர கலியாணம் நிண்டது உம்மட வரியாலயோ, தம்பி?"

அவன் பொஸ்ஸைப் பார்த்தான். பொஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைச்சார். நான் அவனுக்கு உதவி செய்யேல்லை. அக்கா பிறகு தாயின்ர பக்கம் திரும்பினா. "அம்மா, நேரிலதானே வந்திருக்கிறியள். இருக்கோ, இல்லையோ?" தாய் சாறித் தலைப்பைச் சுருட்டினா. "இருக்கெண்டா இருக்கு. ஆனா பெரிய செவ்வாய் இல்லை, மெல்லிய செவ்வாய்" எண்டா. பல் டொக்டர் அந்த இடத்தோட முடிஞ்சுது.

எனக்கு அது காணாது. நான் கேட்டது பல் டொக்டரை இல்லையே. "அக்கா, அந்த அன்ரிக்குக் கோல் எடுங்கோ. இவர் சொல்லட்டும்" எண்டன். பொஸ் "அதெல்லாம் இப்ப ஏன்" எண்டு தொடங்க, நான் அவரைப் பார்த்தன். அண்டைக்கு அவர் என்னை அமத்தின அதே மாதிரி. அவர் கண்ணாடியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். அக்கா நம்பரை அமத்தி, ஸ்பீக்கரில போட்டு, போனை மேசை நடுவில வைச்சா.

அவன் சொன்னான். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, தப்ப வழியில்லாமல், போனுக்குக் கிட்டக் குனிஞ்சு சொன்னான். "அன்ரி, அண்டைக்கு அந்தப் பகுதி... கடைசியா எழுதினது நான்தான். அந்தப் பிள்ளை இல்லை."

நான் கதிரை நுனியில இருந்து பார்த்துக்கொண்டிருந்தன். இப்ப விழும், எனக்கு விழுந்ததெல்லாம் அப்பிடியே அவன்ர தலையில விழும் எண்டு. போனுக்குள்ள அன்ரி ஒரு பெருமூச்சு விட்டா.

"சரி தம்பி. அறியாமல் செய்ததுதானே. நீங்கள் ஆம்பிளைப்பிள்ளையள், வேலை வேலையெண்டு ஓடித் திரியிறனீங்கள், பிழை விடுறதுதான். சொன்னதே பெரிய மனசு."

அவன்ர தோள் இறங்கிச்சு. அந்த நாய் நிம்மதியா மூச்சு விட்டான்! பெரிய மனசாம். எனக்குப் போட்ட கூச்சல் எங்க? என்ர தாயை இழுத்துக் கதைச்ச வாய் எங்க? அவனுக்கு எண்டு வரேக்க ஒரு சொட்டுக்கூட மிச்சமில்லை. அவன்ர பிழையும் என்ர பிழையும் அவவுக்கு ஒரு நாளும் சமனாகாது எண்டு அப்பத்தான் எனக்கு விளங்கிச்சுது.

நான் போனை என்ர பக்கம் இழுத்தன். "அன்ரி, நான் கதைக்கிறன். அண்டைக்கு எழும்பி நிண்டவள்."

"ஓ பிள்ளை, நீரோ... அண்டைக்கு ஏதோ கோவத்தில கதைச்சுப்போட்டன். நீர் ஒண்டும் மனசில வைச்சிருக்காதையும், என்ன?"

அக்கா, பொஸ், அவன், அவன்ர தாய், எல்லாரும் நான் "இல்லை அன்ரி, பரவாயில்லை" எண்டு சொல்லுவன் எண்டு என்ர வாயைப் பார்த்துக்கொண்டிருந்தினம்.

"வைச்சிருக்கிறன், அன்ரி" எண்டு சொல்லி, கோலைக் கட் பண்ணினன்.